படத்தை வெட்டாதீர்கள்! பழைய பறவைப் புத்தகங்கள்: கேள்வி – பதில்

● பழைய பறவைப் புத்தகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னிடம் 1980இல் வாங்கிய ஒன்று இருக்கிறது. (வாசகர், மதுரை)

அதையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் பேத்திக்கு அது பழைய புத்தகம்தான். சேகரிப்பாளர்கள் அலைந்து தேடுவது பெரும்பாலும் 1700க்கும் 1900க்கும் இடையில் அச்சானவற்றை. சாச்செவரெல் சிட்வெல் முதலிய மூவர் 1953இல் வெளியிட்ட ‘ஃபைன் பேர்ட் புக்ஸ்’ என்ற நூல் இந்த இருநூறு ஆண்டுகளையே எல்லையாக வைத்துக்கொண்டது. இன்று அந்த நூலையே தேடி வாங்குகிறார்கள். அதற்கு முன்பும் பறவைப் புத்தகங்கள் உண்டு. பிரான்ஸின் பியர் பெலோன் 1555இலேயே மரக்கட்டை அச்சுப் படங்களோடு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு பறவைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்டி அனுப்பிய வழக்கம் செழித்தது அந்த இருநூறு ஆண்டுகளில்தான். வண்ணத்தையும் இயந்திரமே அச்சடிக்கத் தொடங்கியதும் அந்தத் தூரிகைகள் ஓய்ந்தன.

● உலகில் மிக அதிக விலைக்குப் போன பறவைப் புத்தகம் எது? ஏன் அவ்வளவு விலை? (பின்னலாடைத் தொழில் செய்பவர், திருப்பூர்)

ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் ‘தி பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’. 2010 டிசம்பரில் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் ஒரு முழுப் பிரதி ஏறத்தாழ 73 லட்சம் பவுண்டுக்குப் போனது.

விலைக்குக் காரணம் அது செய்யப்பட்ட விதம். எல்லாப் பறவைகளையும் அவற்றின் உண்மையான அளவிலேயே காட்டுவது என்று ஆடுபான் தீர்மானித்தார். அதற்காக அந்தக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய தாளைப் பிடித்தார். ‘இரட்டை யானை’ என்றே அந்த அளவுக்குப் பெயர். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், மூன்றில் இரண்டு மீட்டர் அகலம். அதிலும் பூநாரை அடங்கவில்லை. அதனால் அது கழுத்தைத் தரை வரைக்கும் வளைத்துக் குனிந்து நிற்கிறது. அந்த வளைவுதான் அந்தப் படத்தின் அழகு.

1827 முதல் 1838 வரை, தவணைக்கு ஐந்து படமாக 87 தவணைகள். மொத்தம் 435 படங்கள். நம் ஊரில் சீட்டுக் கட்டுவதுபோல் சந்தாதாரர்கள் தவணைதோறும் பணம் கட்டினார்கள். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பெரிய பறவை, ஒரு நடுத்தரம், மூன்று சிறியவை. கடைசிவரை கட்டியவர் கொடுத்தது 182 பவுண்டு 14 ஷில்லிங். பாதியில் நின்றவர்கள் பலர். முழுதாக முடிந்த பிரதிகள் இருநூறைத் தொடவில்லை. இன்று முழுதாக இருப்பவை ஏறத்தாழ 120.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் பத்துப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் எடின்பரோவைச் சேர்ந்த லிசார்ஸ். அவருடைய பட்டறையில் வண்ணம் தீட்டுபவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், புத்தகமே நின்றுபோனது. ஆடுபான் லண்டனுக்குப் போய் ராபர்ட் ஹாவெலைப் பிடித்த பிறகுதான் மறுபடி ஓடியது. இத்தனை கோடி பெறும் புத்தகம் யாருடைய கையை நம்பி இருந்தது என்று அந்த வேலைநிறுத்தம் காட்டிவிட்டது.

● ஒரு மீட்டர் உயரப் புத்தகத்தை எப்படி மடியில் வைத்துப் படிப்பார்கள்? (கரூர்)

படிக்க அதில் ஒன்றும் இல்லை. படத்தின் அடியில் பறவையின் பெயரும் செய்தவர்களின் பெயரும்தான் இருக்கும். இங்கிலாந்துச் சட்டப்படி, எழுத்து அச்சடித்த எந்தப் புத்தகத்துக்கும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு இலவசப் பிரதி கொடுக்க வேண்டும். இந்த விலையில் இலவசப் பிரதி கொடுத்தால் திவால்தான். எனவே ஆடுபான் படங்களைத் தனியாக விட்டுவிட்டு, பறவைகளைப் பற்றிய எழுத்தை ‘ஆர்னித்தலாஜிக்கல் பயோகிராஃபி’ என்று ஐந்து தொகுதிகளாக 1831 முதல் 1839 வரை வெளியிட்டார். அதை எழுதுவதில் ஸ்காட்லாந்தின் வில்லியம் மக்கில்லிவ்ரே பெரிதும் உதவினார். மேசையில் வைத்துப் பார்க்கக்கூடிய சின்னப் பதிப்பு 1840–44இல் கல்லச்சில் வந்தது. அதில் 500 படங்கள், எழுத்தும் உண்டு.

● அந்த 435 படங்களும் ஆடுபான் ஒருவரே வரைந்தவையா? (ஓவிய ஆசிரியர், கும்பகோணம்)

பறவைகள் பெரும்பாலும் அவருடையவை. அவை உட்கார்ந்திருக்கும் கிளைகளையும் பூக்களையும் பாருங்கள். பலவற்றை வரைந்தவர் ஜோசப் மேசன். 1820இல் ஆடுபானோடு மிசிசிப்பி ஆற்றில் பயணம் கிளம்பியபோது அவனுக்கு வயது 13. ஏறத்தாழ ஐம்பது படங்களின் செடிகொடி அவன் கை. அச்சான படத்தில் அவன் பெயர் இல்லை. அப்புறம் மரியா மார்ட்டின் என்ற பெண்மணி செடிகளும் பூச்சிகளும் வரைந்து கொடுத்தார். பின்னணி நிலக்காட்சிகள் சிலவற்றை ஹாவெலே சேர்த்தார். பிறகு லண்டன் பட்டறையில் வண்ணம் தீட்டியவர்கள் இருக்கிறார்கள். 435 படத்தை ஏறத்தாழ இருநூறால் பெருக்கிப் பாருங்கள். அத்தனை தாள்களையும் ஒவ்வொன்றாக முன்னால் வைத்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

● ஆடுபான் அடிமைகளை வைத்திருந்தவராமே? அவருடைய புத்தகத்தைக் கொண்டாடலாமா? (கல்லூரி மாணவி, சென்னை)

வைத்திருந்தார், வாங்கினார், விற்றார். அடிமை ஒழிப்பு இயக்கத்தையும் எதிர்த்தார். அமெரிக்காவில் அவர் பெயர் தாங்கிய பறவைச் சங்கங்கள் சில அண்மையில் அந்தப் பெயரை நீக்கிவிட்டன. அந்த முடிவை நான் மதிக்கிறேன். புத்தகத்தை ஒளித்துவைக்கச் சொல்ல மாட்டேன். கரோலினா கிளியின் படத்தைப் பாருங்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1918இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் கூண்டில் செத்தது. அதே காட்சிசாலையில்தான் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவையும் செத்தது. அவை உயிரோடு எப்படிக் கூட்டமாக உட்கார்ந்தன என்று சொல்ல இந்தத் தாள்கள் வேண்டும். அந்தக் கிளிகளைச் சுட்டு, கம்பியால் நிறுத்தித்தான் அவர் வரைந்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். படத்தைக் காட்டுகிறவர் இரண்டையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

● ஜான் கூல்ட் பெயரில் ஏறத்தாழ மூவாயிரம் பறவைப் படங்கள் இருக்கின்றனவாம். ஒரு மனிதரால் எப்படி முடிந்தது? (கோயம்புத்தூர்)

ஒரு மனிதரால் முடியவில்லை. எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது.

கூல்ட் தோட்டக்காரரின் மகன். பறவை உடல்களைப் பதப்படுத்தும் கலையில் தேர்ந்து, லண்டன் விலங்கியல் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கீறுவது அவசரக் குறிப்புக் கோடுகள். அதைப் பறவையாக்கியவர்கள் வேறு. முதலாமவர் அவர் மனைவி எலிசபெத். இமயமலையிலிருந்து ஒரு கட்டுப் பறவைத் தோல்கள் வந்தன. கூல்ட் புத்தகம் போட நினைத்தார். அதைக் கல்லில் யார் வரைவது என்ற கேள்வி வந்தபோது எலிசபெத்தான் என்று முடிவானது. அவர் கல்லச்சுக்கு வரையக் கற்றுக்கொண்டார். 80 படங்களில் நூறு பறவைகள். 1830களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அந்த வேலையே கூல்டைப் பதிப்பாளராக்கியது.

அதன்பின் ‘ஐரோப்பியப் பறவைகள்’. டார்வின் ‘பீகிள்’ கப்பலில் கொண்டுவந்த பறவைகளுக்கான 50 படங்களும் எலிசபெத்தின் கையே. 1838இல் சிறு பிள்ளைகள் மூவரை ஊரில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அங்கே பார்த்துப் பார்த்து வரைந்தார். திரும்பி வந்த மறு ஆண்டு, 1841இல், எட்டாவது பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு இறந்தார். வயது 37. ‘ஆஸ்திரேலியப் பறவைகள்’ 1848இல் 600 படங்களோடு முடிந்தது. எலிசபெத் செய்ய முடிந்தது 84. ஆஸ்திரேலியாவின் அழகான சின்னக் குருவி ஒன்றுக்கு கூல்ட் அவர் பெயரை வைத்தார். ஆனால் இன்றும் ஏலப் பட்டியலைத் திறந்தால் ‘கூல்டின் பறவை’ என்றுதான் இருக்கும். படத்தின் கீழ் மூலையைப் பாருங்கள், சிறிய எழுத்தில் இரண்டு பெயர் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

எலிசபெத்துக்குப் பிறகு ரிக்டர், ஜோசப் வுல்ஃப், வில்லியம் ஹார்ட். வண்ணம் தீட்டும் பொறுப்பு நெடுங்காலம் கேப்ரியல் பேஃபீல்டின் குடும்பத்திடம். தேன்சிட்டுபோல் பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங் பறவைகளைப் பற்றிய நூலை 1849இல் கூல்ட் தொடங்கினார். உயிரோடு ஒன்றை அவர் முதலில் பார்த்தது 1857இல், அமெரிக்கா போனபோது! அந்தக் கழுத்தின் மினுமினுப்பைக் காட்ட, தங்கத் தகட்டை ஒட்டி அதன்மேல் எண்ணெயும் வார்னிஷும் கலந்த வண்ணத்தை மெலிதாக இழுத்தார்கள். தாளைச் சாய்த்துப் பார்த்தால் இன்றும் பளபளக்கிறது. இந்தப் பளபளப்பைப் புகைப்படத்தில் கொண்டுவர முடியாது.

● செப்புத் தகடு, கல்லச்சு என்கிறீர்கள். என்ன வித்தியாசம்? (அச்சகத் தொழிலாளி, சிவகாசி)

உங்களுக்கு லித்தோ என்ற கல்லச்சை நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செப்புத் தகட்டில் கோட்டைப் பள்ளமாக வெட்ட வேண்டும். பள்ளத்தில் மை நிற்கும். ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்தினால் தாள் மையை உறிஞ்சும். வெட்டுவதற்குத் தேர்ந்த செதுக்காளர் வேண்டும். அதனால் ஓவியருக்கும் தாளுக்கும் நடுவில் இன்னொரு கை.

கல்லச்சில் அப்படியில்லை. சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாக்கி, கொழுப்புக் கலந்த கரிக்கோலால் ஓவியரே வரைவார். கல்லை நனைத்தால் கோடு தண்ணீரை ஒட்டவிடாது, மையை மட்டும் பிடித்துக்கொள்ளும். பவேரியாவின் செனஃபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்த முறை. இறகின் மென்மைக்கு அது வரப்பிரசாதம். எலிசபெத் தானே கல்லில் வரைந்தார் என்றால், நீங்கள் பார்க்கும் கோடு அவர் விரல் போட்ட அழுத்தம். இரண்டிலும் அச்சில் வருவது கறுப்புக் கோடு மட்டுமே. மாதிரிப் படம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு பட்டறைக்காரர்கள் நிறம் தீட்டுவார்கள். அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

● எட்வர்டு லியர் வேடிக்கைப் பாட்டு எழுதியவர் என்று படித்திருக்கிறேன். அவரா கிளிகளை வரைந்தார்? (திருநெல்வேலி)

அவரேதான். 1830இல் தொடங்கியபோது வயது 18. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தார். செத்த பறவையைப் பார்த்து வரைவதே வழக்கமாக இருந்த காலத்தில். 42 படங்கள், 175 பிரதிகள். அவ்வளவு அடித்ததும் கல்லில் இருந்ததை அழித்துவிட்டார். அவர் வரைந்த நீலப் பஞ்சவர்ணக்கிளி ஒன்று தனி இனம் என்று பிற்பாடு தெரியவந்து, இன்று அவர் பெயரில் ‘லியர் மக்காவ்’ என்று அழைக்கப்படுகிறது. படம் முதலில், அறிவியல் அடுத்து. முதுமையில், 1874இல், அவர் மாமல்லபுரமும் தஞ்சாவூரும் திருச்சியும் வந்து கோயில்களை வரைந்தார்.

● நம் ஊரில் அச்சான பழைய பறவைப் புத்தகம் ஏதாவது உண்டா? எல்லாம் லண்டன்தானா? (சென்னை)

உண்டு. தாமஸ் ஜெர்டனின் ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் ஆர்னித்தாலஜி’. சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சானது. 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக வந்தது. ஐம்பது படங்கள், பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள். ஜெர்டன் சென்னைப் படையில் மருத்துவர். நெல்லூரிலும் நீலகிரியிலும் இருந்தவர். படங்களை வரைந்தவர்களில் இந்திய ஓவியர்களே அதிகம். தலைப்புப் பக்கத்தில் ஜெர்டனின் பெயர் மட்டும்.

அதே காலத்தில், அதே சென்னையில், ராபர்ட் வைட் செடிகளுக்கான பெரிய படநூலைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அதை வரைந்த ரங்கய்யா, கோவிந்து என்ற இருவர் பெயரும் நமக்குத் தெரியும். ஓர் ஆர்க்கிட் வகைக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். ஜெர்டன் புத்தகத்தின் ஓவியர்களை இந்த அளவுக்கு நாம் கொண்டாடவில்லை என்பது எனக்குக் குறையாகவே இருக்கிறது. ஆவணக் காப்பகங்களில் உட்காரும் பொறுமையுள்ள இளைஞர்கள் யாராவது இதைக் கையில் எடுங்கள்.

அச்சேறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1801இல் சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவியாக வந்தவர் எலிசபெத் க்வில்லிம். தெலுங்கு கற்றார், செடிகளை ஆராய்ந்தார், நம் பறவைகளைப் பெரிய தாள்களில் நீர்வண்ணத்தில் வரைந்தார். பல படங்கள் உயிரளவு. ஆடுபானின் முதல் படம் அச்சாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே. 1807இல் இங்கேயே இறந்தார். கோட்டை புனித மேரி ஆலயத்தில் அடக்கம். படங்கள் எங்கோ போய், 1924இல் லண்டனில் டாக்டர் கேசி வுட் கண்ணில் பட்டு, இன்று 121 படங்கள் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னைப் பறவைகளைப் பார்க்க மாண்ட்ரியால் போக வேண்டாம். அவற்றை இணையத்தில் பார்க்கலாம்.

● சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் ‘சொன்னெராட்’ வருகிறதே, யார் அவர்? (புதுச்சேரி)

உங்கள் ஊர்க்காரராகவே வாழ்ந்தவர். பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெராட். 1782இல் அவர் வெளியிட்ட இந்தியப் பயண நூலில் பறவைப் படங்களும் தெய்வப் படங்களும் ஒன்றாகவே இருக்கும். புதுச்சேரியில் பழைய வீட்டைக் காலி செய்கிறவர்கள் பரணில் ஒரு முறை பாருங்கள்.

● லெக் எழுதின இலங்கைப் பறவைப் புத்தகம் வாங்கலாமோ? சொல்லுங்கோ. (யாழ்ப்பாணம்)

கிடைத்தால் விடாதேயுங்கோ. வின்சென்ட் லெக் தாஸ்மேனியாவில் பிறந்த பீரங்கிப் படை அதிகாரி. இலங்கையில் வேலை பார்த்தபடியே தீவின் பறவைகளை முழுதாக எழுதினார். ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி பேர்ட்ஸ் ஆஃப் சிலோன்’ 1878 முதல் 1880 வரை மூன்று பகுதிகளாக வந்தது. படங்கள் டச்சுக்காரர் கெய்லெமான்ஸ் கல்லில் வரைந்து, கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. இலங்கைக்கு மட்டுமே உரிய பூக்கொத்திக் குருவி ஒன்று லெக் பெயரைத் தாங்குகிறது. வாங்கும்போது மூன்று பகுதியும் இருக்கிறதா, படங்கள் எல்லாம் இருக்கிறதா என்று தாள் தாளாக எண்ணுங்கோ. ஒரு படம் குறைந்தாலும் விலையைப் பேச வேண்டும்.

● தாத்தாவின் பெட்டியில் பறவைப் படம் ஒன்று கிடைத்தது. அசலா என்று எப்படி அறிவது? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

முதலில் லென்ஸ். நல்ல வெளிச்சத்தில் வண்ணப் பகுதியைப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல். கைவண்ணமாக இருந்தால் நிறம் தொடர்ச்சியாக ஓடும். சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். கண்மணியில் கோந்து பூசி மின்ன வைத்திருப்பார்கள். அடுத்தது விரல். செப்புத் தகட்டு அச்சானால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய செவ்வகப் பள்ளம் தட்டுப்படும். கல்லச்சில் அது இருக்காது. அது இல்லை என்பதற்காகப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்றாவது, தாளைச் சன்னலுக்கு நேரே பிடியுங்கள். ஆடுபான் படங்களின் தாளில் ‘வாட்மன்’ என்ற பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும்.

துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நூறாண்டு கடந்ததாக இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தொல்லியல் துறையைக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது.

● என்னிடம் பழைய பறவைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. படங்களைத் தனித்தனியாகச் சட்டம் போட்டு விற்றால் முழுப் புத்தகத்தைவிட லாபம் என்கிறார் ஒருவர். (ஈரோடு)

அவர் கணக்கு சரியாக இருக்கலாம். செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மீன்கொத்தியின் படம் ஒன்றை வாங்கினேன். கைவண்ணம்; நீலம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றியபோது இடது ஓரத்தில் தையல் துளைகள் ஐந்து. பின்பக்கம் எதிர்ப்பக்கத்து எழுத்தின் மங்கலான தடம். இந்தப் பறவை எங்கே கூடு கட்டியது, யார் பார்த்தார், எந்த மாதம் என்றெல்லாம் சொன்ன பக்கம் குப்பைக்குப் போயிருக்கிறது. அதன் அக்கம்பக்கத்துப் பறவைகள் எந்தெந்த ஊர் வரவேற்பறையில் தொங்குகின்றனவோ? நான் கொடுத்த பணம்தான் அந்தக் கத்திக்குக் கூலி. அதன்பின் துளையுள்ள தாள் எதையும் நான் வாங்கவில்லை.

ஆடுபானின் செப்புத் தகடுகளுக்கு என்ன நடந்தது தெரியுமா? பழைய செம்பாக எடைக்குப் போட்டார்கள். கனெக்டிகட்டில் உருக்காலை மேலாளரின் மகன், சார்லஸ் கௌல்ஸ் என்ற 14 வயதுப் பையன், தகட்டில் பறவை தெரிவதைப் பார்த்து உருக்குவதை நிறுத்தக் கெஞ்சினான். கடைசியில் தாயின் உதவியோடு காப்பாற்றினான். இன்று ஏறத்தாழ எண்பது தகடுகள் மிச்சம். உங்கள் கையில் இருப்பது முழுப் புத்தகம். முழுதாகவே விற்றுவிடுங்கள், அல்லது நூலகத்துக்குக் கொடுங்கள்.

● ஆலன் ஹியூமின் பறவைக் குறிப்புகள் சந்தையில் எடைக்குப் போனது உண்மையா? (சேலம்)

உண்மை, இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஹியூம், இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுத இருபது ஆண்டுகளுக்கு மேல் குறிப்பு சேர்த்தார். 1880களின் தொடக்கத்தில் அவர் சிம்லாவில் இல்லாத நேரத்தில் வேலைக்காரர் ஒருவர் அந்தத் தாள்களைக் கழிவுக் காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். ஹியூம் பறவை ஆராய்ச்சியையே விட்டார். பல்லாயிரம் பறவைத் தோல்களை 1885இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். அவரும் மார்ஷலும் 1879–81இல் கொண்டுவந்த வேட்டைப் பறவைகள் நூல் மூன்று தொகுதிகளாக இருக்கிறது. அதன் வண்ண அச்சுப் படங்கள் சில சரியில்லை என்று அந்த நூலிலேயே ஹியூம் எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதர்.

● மாதச் சம்பளக்காரன் நான். எனக்கு இந்த ஆசை தகுமா? (விழுப்புரம்)

தகும். கூல்டையும் ஆடுபானையும் விட்டுவிடுங்கள். விசிலரின் இந்தியப் பறவைக் கையேடு, 1928. சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ முதல் பதிப்பு, 1941. பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடத் தக்கவை இவை. இங்கிலாந்தில் மாரிஸ் என்ற பாதிரியார் எழுதி, ஃபாசெட் என்பவர் மரக்கட்டையில் படம் அடித்த பிரிட்டிஷ் பறவை நூல் 1850களில் வந்தது. நிறைய அடித்ததால் இன்றும் கைக்கு எட்டும் விலையில் ஒற்றைத் தொகுதிகள் வரும். ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீன்கொத்தி மட்டும், அல்லது நீலகிரி மட்டும், அல்லது சென்னையில் அச்சானவை மட்டும். பெரிய நூல்களை பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் காசில்லாமல் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நான் வாங்கியவற்றைவிட அங்கே பார்த்துக் கற்றதுதான் அதிகம்.

● நம் ஊர் வெயிலுக்கும் பூச்சிக்கும் எப்படிக் காப்பது? (ராமநாதபுரம்)

புத்தகத்தின் முதல் எதிரி கடற்காற்றின் ஈரம். பூச்சி அதன் பின்னால் வருகிறது. வெளிச்சுவரில் அலமாரியைச் சாய்க்காதீர்கள். பெரிய புத்தகத்தை நிறுத்தாமல் படுக்க வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது, வண்ணம் வெளிறும். ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் வைத்த வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம், தாளின்மேல் படக்கூடாது. கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அது கறையை விட்டுவிட்டுத்தான் உதிரும். 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை சிலவற்றில் ஆர்செனிக் உண்டு. தொட்டால் கை கழுவுங்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

● நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தெருவில் வரும் பறவைகளை வைத்து நானே புத்தகம் செய்யலாமா? (மாணவி, திண்டுக்கல்)

செய் கண்ணு. மேசன் உன் வயதில்தான் தொடங்கினான். காக்காயில் ஆரம்பி, கறுப்பு என்று நினைத்துக்கொண்டு உட்காராதே, கழுத்துச் சாம்பல் எங்கே முடிகிறது என்று பார். ஒரு தாளுக்கு ஒரு பறவை. தேதி, நேரம், எந்த மரம், என்ன தின்றது, எல்லாவற்றையும் பின்பக்கம் எழுது. உன் ஊரில் அதை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று பாட்டியைக் கேட்டு எழுது. ஒவ்வொரு படத்தின் கீழும் உன் பெயரைப் போடு. வண்ணம் தீட்ட தம்பி உதவினால், அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே அவன் பெயரும்.